இடது பக்கத் தையல்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். இது என் கடையில், பட்டப்பகலில் நடந்தது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று எந்த மடையன் சொன்னானோ!

பாராசூட் படை முகாமின் வாசலுக்கு எதிரே என் தையல் கடை. படையின் கொடி, தோள்பட்டை முத்திரை, மார்பில் வைக்கும் சிறகுச் சின்னம் எல்லாம் நான்தான் தைப்பேன். விரிந்த பாராசூட், இரண்டு பக்கமும் சிறகு. அதைச் சட்டையின் வலது மார்பில்தான் தைக்க வேண்டும். இடது மார்பில் தைத்தால்... அது சவப்பெட்டிக்குள் போகிற சட்டை. அந்தப் படையின் வழக்கம் அப்படி.

அன்று என் தம்பிக்கு ஐந்தாவது குதிப்பு. மூன்றே முக்காலுக்கு நல்லபடியாக இறங்கிவிட்டால் சின்னம் அவனுக்கு. அம்மா அப்பா போன பிறகு எனக்கென்று இருப்பவன் அவன் ஒருவன்தான். ஆசை யாரை விட்டது? அவன் சட்டையில் முன்கூட்டியே தைத்துவைத்தேன்.

மணி 2.50. நூலை அறுத்துவிட்டுப் பார்த்தால், சின்னம் இடது பக்கம்.

"கண்ணு அவிஞ்சு போச்சாடி உனக்கு?" என்று என்னையே திட்டிக்கொண்டு பிரித்தேன். வலது பக்கம் வைத்து, அளந்து, தைத்தேன். 3.05. சட்டையை உதறினேன்.

இடது பக்கம்.

மறுபடியும் பிரித்தேன். அப்போது மின்சாரம் போனது. விசிறி நின்றது. கரண்டில் ஓடும் மெஷின் மட்டும் தானாக... டக்... டக்... டக்...

வாசலில் ஒரு சிப்பாய். உடுப்பெல்லாம் சேறு. இடது மார்பில், பிரித்த தையலின் ஊசி ஓட்டைகள்.

"இடது பக்கமே இருக்கட்டும்க்கா."

"யாருப்பா நீ?"

"இன்னைக்கு ஒருத்தர் வரணும்."

தம்பிக்குப் போன் போட்டேன். குதிக்கும் நாளில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அணைந்திருந்தது.

"என் தம்பிப்பா... அவனை விட்டுடு. உன் கால்ல விழுறேன்!"

விழுந்தேன். கால் இருந்த இடத்தில்... தரைதான் இருந்தது.

டக்... டக்... டக்...

கம்பியில் தொங்கிய சட்டைகளில் கைக்குக் கிடைத்ததை உருவினேன். யாருடையது என்று பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை! தம்பியின் சின்னத்தை அதன் இடது மார்பில் வைத்து ஓட்டினேன்.

மெஷின் நின்றது.

வாசல் காலி.

3.20.

ஐந்து மணிக்குத் தம்பி வந்தான். உயிரோடு! கட்டிப்பிடித்து ஓவென்று அழுதேன். அவனும் அழுதான்.

"வாத்தியார் போயிட்டாருக்கா."

குதிக்கச் சொல்லித்தரும் பயிற்சியாளரை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"பாராசூட் விரியல. அது நான் மாட்டியிருந்ததுக்கா. பிளேன்ல ஏறப்போறோம், மூணு இருபது இருக்கும். என்னோடதைக் கழட்டச் சொல்லி அவர் மாட்டிக்கிட்டாரு. அவரோடதை எனக்குப் போட்டுவிட்டாரு."

மேஜையில் கிடந்த சட்டையின் கழுத்துப்பட்டையைத் திருப்பினேன். உள்பக்கம் எழுதியிருந்த பெயர் வாத்தியாருடையது.

"ஏன் சார்னு கேட்டேன். 'உங்க அக்கா கால்ல விழுந்து கேட்டாங்கடா'ன்னாரு. நீ எப்பக்கா அவரைப் பார்த்தே?"

நான் அவரைப் பார்த்ததே இல்லை. அவர் சட்டைகளை எப்போதும் அவர் மனைவிதான் கொண்டுவந்து தருவார். மறுநாள் காலை, அந்தச் சட்டையை வாங்க வந்ததும் அந்தம்மாதான்.