மேலாளர் அமுக்கிய பட்டன்

சரக்கு அனுப்பும் அந்த அலுவலகத்தில் அவளை எல்லோரும் பாஸ்வேர்ட் அக்கா என்றே கூப்பிட்டார்கள். கணினியில் எதை நிறுவ வேண்டுமென்றாலும் அவள் வந்து கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். வீட்டில் டிவி ரிமோட் மக்கர் செய்தாலும் மாமியார் அவளைத்தான் கூப்பிடுவார். படித்த படிப்புக்கு அங்கே அவ்வளவுதான் மரியாதை.

அலுவலகத்தில் பில் போடும் மென்பொருள் அரதப்பழசு, புதுக் கணினியில் ஓடாது. அதனால் ஒவ்வொரு கணினிக்குள்ளும் இன்னொரு பழைய கணினி இருப்பதுபோல் பாவலா காட்டும் மென்பொருள் ஒன்றைப் போட்டு வைத்திருந்தாள். அது அடிக்கடி நின்றுபோகும். "நின்னா 'பழுது நீக்கு' பட்டனை அமுக்குங்க, என் உயிரை வாங்காதீங்க" என்று எல்லோரையும் பழக்கியதும் அவள்தான்.

ஓட்டை அந்தப் பட்டனிலேயே இருந்தது. அமுக்கினால் சில சமயம் கணினி நிர்வாகியின் முழு அதிகாரத்தோடு ஒரு கறுப்பு ஜன்னல் திறந்துகொள்ளும். கடவுச்சொல்லே வேண்டாம், சாதாரண ஊழியர்கூட அந்தக் கணினியை ஆட்டிப் படைக்கலாம். மென்பொருளைத் தயாரித்தவர்கள் ஓட்டையை அடைக்கத் திருத்தம் அனுப்பிவிட்டார்கள். அதைப் போட அரைநாள் வேலையை நிறுத்தச் சொல்லிக் கேட்டாள். மேலாளர் சாக்குப்போக்குச் சொல்லி இழுத்தடித்தார்.

இப்போது பில் போடும் பெண்ணின் கணினியில் அந்த ஜன்னல் திறந்த தடம் அகப்பட்டது. மேலாளர் ஹாலின் நடுவில் நின்று, "பாஸ்வேர்ட் திருடி! நாளைலேர்ந்து வராதே!" என்று கத்தினார். அந்தப் பெண் மேஜையிலிருந்த டிபன் பாக்ஸைப் பைக்குள் எடுத்து வைத்தாள்.

அக்காவுக்கு வந்ததே கோபம்! விறுவிறுவென்று அவர் பின்னாலேயே அவர் அறைக்குள் போனாள்.

"அவ பட்டனைத்தான் சார் அமுக்கினா. கம்ப்யூட்டர்ல உங்க கணக்கும் சாதாரண ஊழியர் கணக்குதானே? நீங்களும் அமுக்குங்க."

அமுக்கினார். மூன்றாவது தடவையில் கறுப்பு ஜன்னல் திறந்தது.

"நீங்க யாரு பாஸ்வேர்டைத் திருடினீங்க?"

மேலாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிம்மா, அவ வேலைக்கு வரட்டும். விஷயம் இந்த ரூமோட இருக்கட்டும்."

"திட்டினது மட்டும் ஊருக்கே கேக்கணுமா?"

"உங்க வேலையையும் யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன். பட்டனை அமுக்கச் சொன்னது நான். திருத்தத்தைத் தள்ளிப்போட்டது நீங்க. வாங்க, ரெண்டு பேருமே போய்ச் சொல்லுவோம்."

ஹாலுக்கு வந்ததும் தன் பங்கை அவள் முதலில் சொன்னாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். மேலாளர் தரையைப் பார்த்தபடி, அந்தப் பெண் மேல் தப்பில்லை, தப்பு தன்னுடையது என்று முணுமுணுத்தார்.

"கொஞ்சம் சத்தமா சார்," என்றாள் அக்கா. "கத்தினப்ப கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சே!"