மூர்த்தி அடுப்பும் முனவ்வர் காலாவும்

புகையைச் சட்டையைப் பிடிச்சு இழுத்துப் போட்டு அடிச்ச ஒரே ஆள் இந்த உலகத்துலேயே எங்க தெரு முனவ்வர் பேகம்தான். பாலாத்து மேல வர்ற புயல்கூட தெருமுனையில நின்னு, "காலா, உள்ள வரலாமா?"ன்னு கேட்டுட்டுத்தான் வரும்.

காலான்னா சின்னம்மா. தெருவுல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒண்ணுல ஒட்டுற வேலை. நாள் பூரா சொல்யூஷன் நாத்தம். ஆனா குளிச்சுத் துணி மாத்தாம மக சானியாவைத் தொடமாட்டாங்க. சானியாவுக்கு வீசிங். "இனிமே ஒருதரம் புகை ஜாஸ்தியா இழுத்துட்டா ஆஸ்பத்திரி வந்து சேர்றதே கஷ்டம்"னு டாக்டர் சொல்லிட்டாரு.

அன்னைக்கே துடைப்பம் குப்பைக்குப் போச்சு; வீட்டுல ஈரத்துணிதான். ஸ்கூலுக்கு பைபாஸ் ஓரமா போறது நின்னு, ஆத்தங்கரை சுத்துவழி வந்துச்சு. ரெண்டு பேர் மூஞ்சியிலயும் மாஸ்க். கொடியில காஞ்ச சின்ன மாஸ்க்ல நான் மீசை வரைஞ்சேன். காலா விட்ட அறையில என் காதுக்குள்ள காட்பாடி ரயில் ஓடிச்சு. சானியா அந்த மீசையோடவே ஸ்கூலுக்குப் போச்சு. சிரிச்சா அதுக்கு இரைக்கும். இரைக்க இரைக்கச் சிரிச்சுது.

இவ்வளவு செஞ்சும் இன்னா பிரயோஜனம்? ஜன்னலுக்கு நேரெதிர்ல மூர்த்தி டீக்கடை. வெந்நீர் அண்டாவுக்கு அவன் விறகு வாங்கமாட்டான். கம்பெனிங்க கழிச்சுப் போடுற தோல் துண்டை மூட்டையா வாங்கி எரிப்பான். எங்க ஊர்ல பல வீட்டு வெந்நீர் அப்படித்தான் காயுது. நாத்தம் பழகிடும். நுரையீரல் பழகாது.

ஒருநாள் காலையில சானியாவோட உதடு நீலமாச்சு. காலா அது வாயில மருந்தை அடிச்சுட்டு, ஒரே ஓட்டமா தெருவைத் தாண்டி அண்டாவை எட்டி உதைச்சாங்க. வெந்நீர் மூர்த்தி கால்ல கொட்டுச்சு. அவன் அலறிக்கிட்டே அடுப்புக் கம்பியால காலா தோள்ல ஒண்ணு போட்டான். காலா அவன் கையைக் கடிச்சாங்க. ரத்தம்.

"ஜன்னலைச் சாத்திக்கடி!"

"சாத்தித்தான்டா வெச்சிருக்கேன்! புகை இன்னா கதவைத் தட்டிட்டா வருது?"

மறுநாளும் மூர்த்தி பத்தவைக்கப் பார்த்தான். பத்தல. மூட்டையெல்லாம் ஊறிப்போய் சொட்டுச்சு. புது மூட்டை இறக்கினான். விடிஞ்சு பார்த்தா அதுவும் சொட்டுச்சு. கம்பியைத் தூக்கிட்டு வந்து காலா கதவை உதைச்சான்.

"ராத்திரில தண்ணி ஊத்துறது நீதானே?"

காலா கதவைத் திறந்தாங்க. கையில அம்மிக்குழவி. அவன் கம்பியை ஓங்கினான், குழவி முந்திடுச்சு. அவன் நெத்தி பிளந்துச்சு. கம்பி காலா முழங்கையைக் கிழிச்சுது. தெருவே கூடித்தான் ரெண்டு பேரையும் பிரிச்சோம்.

ரத்தத்தைத் துடைச்சுக்கிட்டே மூர்த்தி கத்துனான்: "ஈர மூட்டைகூடவும் உன்கூடவும் மல்லுக்கட்ட என்னால முடியாது! கேஸ் அடுப்பே வாங்கித் தொலைக்கிறேன், போ!"

கூட்டம் கலைஞ்சுது. காலா குழவியைக் கீழ வெச்சுட்டு என்னைப் பார்த்தாங்க.

"நான் ஊத்தலடா சூர்யா."

"ஜின்னு, பேய் ஏதாச்சும் ஊத்தியிருக்கும் காலா."

லபக்குனு என் கையைப் பிடிச்சுத் திருப்பினாங்க. நகக்கண்ணு பூரா தோல் துண்டோட பழுப்புச் சாயம்.

கன்னத்துல பளார்னு ஒண்ணு விழுந்துச்சு.

"தோல் மூட்டையை மாஸ்க் போடாமலாடா தொட்ட?"