மேளமில்லாத கல்யாணம்

குருண் ஸ்டேஷனில் பினாங்குப் பக்கம் போகும் ரயில் வருவதாகக் காணோம். மூன்று தடவை விசாரித்துவிட்டேன். பக்கத்து மாரியம்மன் கோயிலில் ஒதுங்கியிருக்கிறேன். அங்கே ஒரு கல்யாணம். என்னைச் சேர்த்துப் பத்தொன்பது பேர். மேளக்காரர்களை ஜப்பான்காரன் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். மேளமில்லாமல் தாலி ஏறினால் மகளுக்கு ஆகாதென்று தவிக்கும் தகப்பன், என்னோடு ரயிலுக்குக் காத்திருக்கும், தமிழ் பேசும் பினாங்கு யூதரின் பிடில் பெட்டியைப் பார்த்துவிடுகிறார்.

“ஒரே ஒரு பாட்டு வாசிங்க, தம்பி.”

“அம்மா போய் ஆறு மாசம், அண்ணே. வருஷம் திரும்புற வரைக்கும் எங்க மதத்துல வாத்தியம் வாசிக்கக் கூடாது, கேக்கவும் கூடாது.”

“அப்ப வேணாம்லா. துக்கத்துல இருக்கிறவரப் போய்க் கேட்டுட்டேன்.”

யூதர் வேலியோரம் போய் நிற்கிறார். தாலி ஏறும்போது, மேளத்துக்குப் பதிலாகப் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிடுகிறார்கள். அவர் திரும்புகிறார், கண் கலங்கியிருக்கிறது.

“எங்க கல்யாணத்திலயும் இப்படித்தான். எங்கம்மாதான் முதல்ல ஆரம்பிப்பாங்க.”

தகப்பன் பெண்களைப் பார்த்து, “இன்னொரு தரம் போடுங்கம்மா,” என்கிறார்.