கை நின்ற இடம்

எவர்சில்வர் பேசின் நிறைய ஊறவைத்த அவரைக்கொட்டை. ஒவ்வொன்றாக எடுத்து விரலிடையில் அழுத்தினால் தோல் கையில் தங்கும், பருப்பு துள்ளிப் பாத்திரத்தில் விழும். குளிர் தொடங்கிவிட்டால் மைசூரில் பாதி வீடுகளில் இதுதான் வேலை. எங்கள் சித்தப்பாவின் அறிவியல் கதைகள் பாஸானதும் ஃபெயிலானதும் இந்தப் பேசின் முன்னால்தான்.

சித்தப்பா வருடம் முழுக்க யோசித்துவிட்டு அவரைக்காய் வரும் நாட்களில்தான் கதை எழுதுவார். எழுதியதைச் சித்திக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து படிப்பார். சித்தி பிதுக்கிக்கொண்டே கேட்பார். எங்காவது கை தன்னை மறந்து நின்றால் கதை தேறிவிட்டது. மறுநாள் நான் கணினியில் அடித்துப் பத்திரிகைக்கு அனுப்புவேன். நிற்காவிட்டால் அலமாரிதான். எந்தப் பத்திரிகை ஆசிரியரும் அவரிடம் இவ்வளவு கறாராக நடந்ததில்லை. சித்தி ராமாபுரத்து விவசாயக் குடும்பத்துப் பெண். சனி என்றால் அவருக்கு எள் விளக்குப் போடுகிற சனிதான். ஆனாலும் நிலவில் பிறந்த குழந்தை பூமிக்கு வந்து, முதல் முறையாக மழைச் சத்தம் கேட்டு அழுகிற கதையில் அந்தக் கை வெகுநேரம் நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

கதை சோறு போடவில்லை. சோற்றுக்காகப் பம்புசெட் கையேடு, விதைப் பொட்டலத்து வாசகம், வானொலிக்கு விவசாய நாடகம் என்று கேட்டதையெல்லாம் எழுதினார். வார இதழின் ஜோசியர் லீவு போட்டால் ராசிபலனும் இவர்தான். கதையில் சனிக்குக் கப்பல் அனுப்பிய அதே மனுஷர் சனிப்பெயர்ச்சிப் பலனும் எழுதினார். கிண்டல் செய்தால், "அதெல்லாம் வயித்துப்பாட்டுக்கும்மா. அதைப் போய் எழுத்துன்னு சொல்லாதே" என்பார். அவற்றைச் சித்தியிடம் அவர் படித்துக் காட்டியதே இல்லை.

நோயில் விழுந்த வருடம் கடைசியாக ஒரு கதை எழுதினார். சூரியனையே பார்க்காத தலைமுறை ஒன்று கப்பலில் வளர்வதைப் பற்றி, பல காலம் மனதில் வைத்திருந்த கதை. குரல் போய்விட்டதால் நான் படித்தேன். அவர் கட்டிலில் சாய்ந்தபடி சித்தியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் நிற்கவில்லை. கடைசிப் பக்கத்தில் கண்ணாலேயே சித்தியிடம் கெஞ்சினேன். அப்போதும் நிற்கவில்லை. சித்தப்பா அலமாரியைக் கை காட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சமையலறையில் சித்தியிடம் சண்டைக்கே போனேன். சாகப்போகிற மனுஷருக்காக ஒரு நிமிடம் நிறுத்தினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன்.

"பொய்யா நிறுத்துனா அவருக்குத் தெரியாமயா போயிரும் கண்ணு? அப்புறம், இத்தன வருசமா நின்னதும் பொய்யின்னு நெனச்சுட்டா?"

ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. தை பிறப்பதற்குள் சித்தப்பா போய்விட்டார்.

இப்போது விஜயநகர் கடைகளில் பிதுக்கிய பருப்பே பாக்கெட்டில் வருகிறது. சித்தி வாங்குவதில்லை. போன வாரம் போயிருந்தபோது அதே பேசின், எதிரே அதே நாற்காலி. "உங்க சித்தப்பா எழுதுனது எதையாச்சும் படி கண்ணு" என்றார். எந்தக் கதையை எடுத்தாலும் அடுத்த வரியை அவரே சொல்லிவிட்டார். அலமாரியைத் துழாவியதில், பழுப்பேறிய பம்புசெட் கையேடு ஒன்று கிடைத்தது. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன்.

"மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் வந்துவிடாது. பயப்பட வேண்டாம். பக்கத்திலேயே நின்று கேளுங்கள். சத்தம் கனக்கும். தண்ணீர் உங்களை நோக்கிக் கிளம்பிவிட்டது என்று அர்த்தம்."

பருப்பு விழுகிற சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். சித்தியின் விரலிடையில் ஓர் அவரை பிதுக்கப்படாமல் அப்படியே இருந்தது.

"எங்கப்பன் தோட்டத்துல அப்படித்தான் கேக்கும்" என்றார். பிறகு எதிரே இருந்த நாற்காலியிடம் மெதுவாகச் சொன்னார்: "ஏனுங்க, இதைய எனக்குப் படிச்சே காட்டலியே."