அவர் கை எங்கள் மேல் பட்டதே இல்லை

நம்மை நாமே அறைந்துகொள்ளும்போது கன்னமும் எரியும், உள்ளங்கையும் எரியும். பிறர் அறைந்தால் பாதி எரிச்சல் அவரோடு போய்விடும். இந்தக் கணக்கு எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே தெரியும்...

சென்ற வாரம் நம் பழைய மாணவர் மின்னஞ்சல் குழுவில் ஒரு நண்பர் நமது ஆங்கில ஆசிரியரை நினைவுகூர்ந்திருந்தார். "ஹாஸ்டல் பசங்க மேல அவர் கை வச்சதே இல்ல. தங்கமான மனுஷன்."

அதில் முதல் வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆகவே நான் மறுக்க வரவில்லை. அது எப்படி நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் பிற்பகுதி. செங்கல்பட்டு. நாம் தேர்டு ஃபாரம், இன்றைய எட்டாம் வகுப்பு. ஜன்னல் வழியே ஏரிக் காற்று வரும், கூடவே ரயிலின் கரிப்புகையும். கடைசி பெஞ்சில் நாங்கள் நான்கு பேர், சேரிப் பிள்ளைகளுக்கான அரசு ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர்கள்.

மற்றவர்கள் தவறு செய்தால் ஆசிரியர் அருகில் போவார். காதைத் திருகுவார், கன்னத்தில் ஒன்று வைப்பார். எங்கள் பெஞ்சுக்கு மட்டும் வரமாட்டார். பிரம்பாலும் அடிக்கமாட்டார். எங்கள் மேல் பட்ட பிரம்பை அவர் மறுபடியும் கையில் எடுக்க வேண்டுமே.

ரிஃப்ளெக்ஸிவ் ப்ரோனவுன் பாடம் வந்தபோது அவருக்கு ஒரு வழி கிடைத்தது.

செய்பவனும் அதற்கு ஆளாகிறவனும் ஒருவனே என்றால் ஆங்கிலத்தில் மைசெல்ஃப், யுவர்செல்ஃப், ஹிம்செல்ஃப் என்று தனிச்சொல் வரவேண்டும். தமிழில் அந்த வேலையைப் பெரும்பாலும் வினையே பார்த்துவிடும்: கிள்ளிக்கொண்டேன், வெட்டிக்கொண்டேன். சொல்வதைச் செய்துகாட்டினால் மனத்தில் நிற்கும் என்றார் ஆசிரியர். முன் பெஞ்சுக்காரர்கள் 'ஐ வாஷ் மைசெல்ஃப்' என்று குளிப்பதுபோல் நடித்தார்கள். எங்களுக்கு மட்டும் வேறு வாக்கியம்.

"எழுந்திருடா. ஐ ஸ்லாப் மைசெல்ஃப். சத்தம் எனக்குக் கேக்கணும்."

பாடம் முடிந்தது. வாக்கியம் முடியவில்லை. எழுத்து பிசகினாலும், தாமதமாக வந்தாலும், கரும்பலகையில் எழுதியபடியே சொல்வார்: "ம்... மைசெல்ஃப்." நாங்கள் அறைந்துகொள்வோம். மெதுவாக அறைந்தால், "கேக்கலையே" என்பார். வகுப்பு சிரிக்கும்.

அந்த மழைக்காலத்தில் ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்தேன். அப்பா மகாபலிபுரத்துக்குத் தெற்கே, கடலோரச் சவுக்குத் தோப்புகளில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். விறகு லாரிக்காரர் மூலம் அவருக்குச் சொல்லியனுப்பினேன்: சனிக்கிழமை வாங்க, பெட்டியைத் தூக்கணும், எனக்குப் படிப்பு வேணாம்.

இங்கே அதை ஒருவனிடம்தான் சொன்னேன். காதர். முன் பெஞ்சு. அவன் அத்தா ஸ்டேஷனுக்கு எதிரில் டீக்கடை வைத்திருந்தார்.

"இன்னா மச்சான் சொல்றே? ஊருக்குப் பூட்டு இன்னா பண்ணப்போறே?"

"சவுக்கு வெட்டுவேன்."

"உன் ஒடம்புக்குச் சவுக்கா? கோடாலி உன்னையத் தூக்கிக்கினு போவும். போடா."

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு ஸ்பெல்லிங் தவறியது. "ம்... மைசெல்ஃப்" என்றார் ஆசிரியர், முதுகைக் காட்டியபடி. எழுந்தேன். காதரும் எழுந்தான்.

அவர் திரும்பிப் பார்த்தார். "நீ எதுக்குடா எழுந்தே?"

"நானும் தப்பு சார். மனசுக்குள்ள தப்பா சொல்லிக்கினேன்."

சொல்லிவிட்டு, 'வி ஸ்லாப் அவர்செல்வ்ஸ்' என்று கத்தியபடி தன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தான். பக்கத்திலிருந்தவன் எழுந்தான். பிறகு அந்த வரிசை. பிறகு வகுப்பே.

எல்லாரும் இரக்கத்தால் எழுந்தார்கள் என்று நான் எழுதமாட்டேன். பலருக்கு அது சத்தம் போட வாய்த்த சந்தர்ப்பம். ஆனாலும் அறை உண்மையான அறை, கன்னங்கள் சிவந்தன. அவர்செல்வ்ஸ்... பளார். அவர்செல்வ்ஸ்... பளார். "உக்காருங்கடா" என்று ஆசிரியர் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

தலைமையாசிரியர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"என்ன சார் இது?"

"ரிஃப்ளெக்ஸிவ் ப்ரோனவுன்... டிரில், சார்."

தலைமையாசிரியர் வகுப்பைப் பார்த்தார். கடைசி பெஞ்சைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

"இனிமே கையால எழுதிப் பழகட்டும். கன்னத்தால வேணாம்."

அவ்வளவுதான். விசாரணை இல்லை, வருத்தம் தெரிவித்தல் இல்லை. அதற்குப்பின் அந்த ஆண்டு முழுவதும் ஆசிரியர் எங்கள் பெஞ்சை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதைத் தண்டனை என்று அவர் நினைத்திருக்கலாம். எங்களுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மறுநாள், சனிக்கிழமை காலை, அப்பா வந்தார். ஹாஸ்டல் வாசலில், துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, பெட்டி சுமக்கத் தயாராக நின்றார்.

"எங்கடா பெட்டி?"

"நான் வரலப்பா."

"வரலியா?"

"படிக்கிறேன்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. சும்மாட்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். "அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடா? லாரிக்காரன்கிட்ட கெஞ்சிக்கினு வந்துகீறேன்" என்று திட்டினார். திட்டும்போதே முகம் மலர்ந்துவிட்டது. மறைக்கத் தெரியவில்லை அவருக்கு.

இன்று அந்தச் சவுக்குத் தோப்புகள் இருந்த கரையில் உல்லாச விடுதிகள் நிற்கின்றன. போன ஜூனில் என் கடைசி மகளைக் கல்லூரி ஹாஸ்டலில் சேர்க்கக் காரில் போனோம். நான்கு பெட்டிகளை இறக்கிவைத்த பிறகும், பிரிய மனமில்லாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தோம். "போங்கப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்று அவள் விரட்ட வேண்டியிருந்தது.

அப்பா அப்படி நிற்கவில்லை. எங்கே நான் மனம் மாறிவிடுவேனோ என்று பயந்தவர்போல், சுமக்க ஒன்றுமில்லாத இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், பஸ் ஸ்டாண்டை நோக்கி வேகவேகமாகப் போனார்.