கண்ணாடிக்கடைக்காரரின் சுரங்கப்பாதை

“நான் வச்ச சர்வர் படுக்காது. ஊரே படுத்தாலும் அது மட்டும் முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும்” என்று கண்ணாடிக்கடைக்காரர் அறிவித்தபோது, அவருடைய இரண்டு கைகளும் ஒரு பள்ளி ஆசிரியையின் காது மடல்களுக்குப் பின்னால் இருந்தன. பிரேமின் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தார். ஆசிரியை கேட்டதென்னவோ, இதே பிரேம் பழுப்பு நிறத்தில் கிடைக்குமா என்பதுதான். ஆனால் தலை ஒருவர் கையில் சிக்கியிருக்கும்போது பேச்சை மாற்றுவது சிரமம். வி.பி.என். என்றால் என்னவென்று முழுதாகத் தெரிந்துகொண்ட பிறகே அவருக்கு விடுதலை கிடைத்தது.

வாசகர்கள் அவ்வளவு அவதிப்பட வேண்டாம். எங்கோ தொலைதூரத்தில் இருப்பவர் நம் வீட்டுக் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று வீட்டுக் கருவிகளை நம்பவைக்கும் ரகசியச் சுரங்கப்பாதை அது; அதன் வீட்டுப்பக்கத்து வாசலுக்குப் பெயர்தான் சர்வர். கண்ணாடிக்கடைக்காரர் அதைத் தன் வீட்டு ரவுட்டரிலேயே தோண்டினார். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்காக. ரவுட்டரில் செருகிய டிஸ்கில் குடும்பப் படங்களும் வீடியோக்களும் மொத்தமாக இருக்கின்றன. அவருடைய மனைவி இப்போது அந்த டிஸ்கில் மட்டும்தான் இருக்கிறார்.

“எல்லாத்தையும் ஆன்லைன்ல ஏத்திடேன்ப்பா. நான் எடுத்துக்கறேன்” என்றுதான் மகள் முதலில் சொன்னாள்.

“உங்கம்மாவ எவன் வீட்டு அலமாரியிலயோ வைக்கச் சொல்றியா?” என்றார் இவர். அத்துடன் வேலை ஆரம்பமாகிவிட்டது.

கடைக்கு மேல்மாடியில்தான் வீடு. மனிதருக்குச் சொந்தமாக ஒரு மூக்குக்கண்ணாடி கிடையாது. ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போனவர்களின் பிரேம்களில் தன் பவரைப் போட்டு மாட்டிக்கொள்வார். போன மாதம் தடித்த கறுப்பு பிரேமில் நீதிபதியாக இருந்தவர், இந்த மாதம் பூனைக்கண் பிரேமில் யாரோ ஒரு பெரியம்மாவாக இருக்கிறார். “வராதவங்க சாமான் வீணாப் போகக்கூடாதுல்ல” என்பது அவர் தரும் விளக்கம்.

சர்வரை அமைத்த அன்று, சோபாவில் சாய்ந்தபடியே கைபேசியிலிருந்து இணைத்துப் பார்த்தார். சொடக்குப் போடும் நேரத்தில் டிஸ்க் திறந்தது. ஆசிரியையிடம் முழங்கியது அந்தத் தெம்பில்தான். போனில் இதைக் கேட்ட மகள் தலையில் அடித்துக்கொண்டாள். “வீட்டு வைஃபைல உட்கார்ந்துக்கிட்டு வீட்டுக்குள்ள வர முடியுதான்னு பாத்தா எப்படிப்பா? வெளிய போ. மொபைல் டேட்டால போட்டுப் பாரு.”

வெளியே போனார். எதிர்ச் சாரியில், மருந்துக்கடை வாசலில் நின்று, தன் வீட்டு ஜன்னலையே முறைத்தபடி கைபேசியைத் தட்டினார். மருந்துக்கடைக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்னண்ணே, சாவிய மறந்துட்டீங்களா?”

“சாவி இருக்கு. கதவும் தெறந்துதான் இருக்கு. உள்ள போக முடியுதான்னு பாக்கறேன்.”

“தெறந்துதானே இருக்கு, போங்க.”

“நடந்து போனா கணக்குல சேராது.”

மருந்துக்கடைக்காரர் தூக்க மாத்திரைப் பெட்டியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார்.

தெருவிலிருந்து வேலை செய்தது. மகள் வீட்டிலிருந்து செய்யவில்லை. இணைந்துவிட்டது என்று பச்சை விளக்கு எரியும். ஆனால் டிஸ்க் மட்டும் கண்ணில் படாது. விருந்தாளி படியேறி வந்துவிட்டார், கூடத்தைத்தான் காணோம் என்கிற கதை.

அந்தக் கோளாறு இவருக்கு அடித்த யோகம். அதுவரை அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு என்பது, “சாப்டியாப்பா?” “ஆச்சு.” “மாத்திரை?” “ஆச்சு.” “சரிப்பா.” இவ்வளவுதான், சிக்னலில் சிவப்பு விழுந்து பச்சை வருவதற்குள் முடிந்துவிடும். இப்போதோ தினமும் கூப்பிட்டாள். கண் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்பது போலவே, இவர் ஒவ்வொரு செட்டிங்காக மாற்றிக் கேட்டார். “இப்பத் தெரியுதா? இப்ப? முன்னாடி இருந்ததுக்கு இது பரவால்லயா?”

“அப்பா, நான் ஒண்ணும் கண் டெஸ்டுக்கு வரல.”

ரவுட்டரை அணைத்து எழுப்பும் இடைவெளிதான் இதில் விசேஷம். விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் விழிக்கும் வரை இருவருக்கும் செய்ய ஒன்றுமில்லை. மொபைல் டேட்டாவில் பேசுவதால் அழைப்பும் அறாது. அந்தச் சும்மா நேரத்தில்தான் அவள், மேலதிகாரி ஒரு சிடுமூஞ்சி என்றாள். தூக்கம் சரியாக வருவதில்லை என்றாள். ஒரு நாள், அம்மா குரல் எப்படி இருக்கும் என்றே மறந்துபோகிறது, அதற்குத்தான் அந்தப் பழைய வீடியோக்களைக் கேட்கிறேன் என்றாள். விளக்குகள் எல்லாம் எரிந்து வெகுநேரமாகியும் இவர் அதைச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அநாவசியத்துக்கெல்லாம், “எதுக்கும் ஒரு ரீஸ்டார்ட் போட்டுப் பாத்துடுவோமா?” என்று கேட்க ஆரம்பித்தார்.

கடைசியில் கோளாறைக் கண்டுபிடித்தவள் அவள்தான். “உன் வீட்டு ரவுட்டரும் என் வீட்டு ரவுட்டரும் உள்ளுக்குள்ள ஒரே நம்பர் வரிசைப்பா. உன் டிஸ்கத் தேடறேன்னு என் போன் என் வீட்டுக்குள்ளயே தேடிக்கிட்டிருக்கு. யாராவது ஒருத்தர் நம்பர மாத்தணும்.”

“நீ மாத்து.”

“இது வாடகை வீடு. ரவுட்டர் வீட்டுக்காரங்களோடது. நீதான் மாத்தணும்.”

பிரிண்டர், டிவி, டிஸ்க், கடைக் கேமரா என்று ஒவ்வொன்றுக்கும் நிலையான எண் கொடுத்து, முதுகில் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்த மனிதர் அவர். அத்தனையையும் லென்ஸ் துடைக்கும் திரவம் போட்டுச் சுரண்டினார். ஒரு வாரம் இழுத்திருக்கலாம். ஆனால் அம்மாவின் குரலைக் கேட்கக் காத்திருக்கும் பெண்ணிடம் எப்படி இழுப்பது? ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டார்.

“தெரியுதுப்பா” என்றாள். உடனே ஒரு வீடியோவை ஓடவிட்டாள். உள்ளே எங்கோ ஒரு பெண்குரல், யாரையோ கேமராவை நேராகப் பிடிக்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தது. “உன்னத்தான் திட்டறாங்க.”

“பின்ன வேற யார?”

“தேங்க்ஸ்ப்பா. இனிமே உன்னத் தொந்தரவு பண்ண மாட்டேன்.”

சொன்ன சொல் தவறாத பெண். தொந்தரவே பண்ணவில்லை. சுரங்கப்பாதை அற்புதமாக வேலை செய்தது. திரையில் திறக்கும் ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில், ‘மகள்’ என்று இவரே பெயரிட்ட வரியின் ஓரத்தில் பச்சைப் புள்ளி ஒன்று தோன்றும். அவள் எடுத்த டேட்டாவின் அளவு கிடுகிடுவென்று ஏறும். பிறகு புள்ளி மறையும். கதவைத் தட்டாமல் வந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் போகும் வீட்டுப் பெண். ஒருமுறை தட்டில் கை வைத்திருந்தபோது புள்ளி வந்தது. “சாப்டியா?” என்று அதனிடம் கேட்டும் பார்த்தார்.

“இப்பல்லாம் தெருவுல நிக்கறதில்லையேண்ணே?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“எல்லாம் ஒழுங்கா ஓடுது” என்றார் இவர், துக்கச் செய்தி சொல்லும் குரலில்.

அடுத்த விடுமுறை நாளின் மத்தியானம், பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, சர்வர் என்ற கட்டத்திலிருந்த டிக்கை எடுத்துவிட்டு, சேமித்தார். புள்ளி அணைந்தது. கைபேசியின் மணிச்சத்தத்தைக் கடைசி வரை கூட்டி, மேசை நடுவில் நிமிர்த்தி வைத்துவிட்டு, அதன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.