யிட்டிஷ் வாசித்த எங்கள் சொந்தக்காரர்கள்

உறவுகளே, நண்பர்களே, எங்கள் அக்கா கண்ணீர்க் கட்டுரைகளை விரும்பமாட்டார். இறந்தவர் யாருடைய நினைவு மலரைக் கையில் எடுத்தாலும், முதல் பக்கத்தில் "ஆறாத் துயரம்" என்று கண்டால், "துயரம் தெரியும், ஆள் எப்பிடி எண்டு சொல்லுங்கோவன்" என்று முணுமுணுப்பார். எனவே ஆள் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். நான் பஸ் ஓட்டுகிறவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்தருளுங்கள்.

அக்கா மட்டக்களப்பு எழுவான்கரையில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். நான் கடைசி. இடையில் உள்ள மூவரும் அவருக்குப் பயந்தவர்கள், நான் மட்டும் வாய் காட்டியவன். அப்பா தபால் கந்தோரில் இருந்தபடியால் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் இருந்தது. கத்தரிக்கோலை எடுத்தால் எடுத்த இடத்தில் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் அக்காவின் குட்டு விழும். படிக்க வேண்டிய வயதில் ஊர் இருந்த நிலை உங்களுக்குத் தெரியும். அத்தானைக் கைப்பிடித்துக் கடல் கடந்து இங்கே வந்து, நகரின் பார்க்டேல் பகுதியில் ஓர் ஒற்றையறை வீட்டில் குடியேறினார். அந்த ஒற்றையறைக்குள்தான் பிறகு என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். அந்த நன்றியை இங்கே எழுதி முடிக்க முடியாது.

முதல் வேலை, நகரின் வடக்கே ஒரு யூத சமூக நிலையத்தில் துப்புரவு வேலை. அந்தக் கட்டிடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் ஒரு நூலகம் இருந்தது. அக்கா தூசு துடைக்கப் போனார், துடைத்த கையோடு புத்தகங்களை ஒழுங்காக்கிவிட்டு வந்தார். நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மிரியம் என்ற அம்மையார் இரண்டு கிழமை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "யார் இதைச் செய்வது?" என்று கேட்டாராம். கல்லூரியில் நூலகத் தொழில்நுட்பம் படிக்கச் சொல்லி அனுப்பியதும் அவர்தான். பகலில் வேலை, பின்னேரம் படிப்பு, இடையில் பிள்ளை. இரண்டு வருடத்தில் துடைப்பத்தை வைத்துவிட்டு அதே தளத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். மட்டக்களப்பு நண்டுக்கறியைக் கட்டிடத்துக்குள் கொண்டுபோக முடியாது என்பதுதான் அந்த வேலையில் அவருக்கு இருந்த ஒரே குறை. நண்டு யூத சமயத்தில் விலக்கு.

முதல் வருடமே ஒரு பெரிய பிழை விட்டார். அதை அவரே எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தபடியால் நானும் எழுதுகிறேன்.

நூலகங்களில் களையெடுப்பு என்று ஒன்று உண்டு. யாரும் எடுக்காத புத்தகங்களைத் தெரிந்து அகற்றுவது. அந்த நாளில் ஒவ்வொரு புத்தகத்தின் கடைசி அட்டைக்குள்ளும் ஒரு சிறு உறையும், அதற்குள் இரவல் எடுத்தவர்களின் பெயர் எழுதிய கடதாசிக் காட் ஒன்றும் இருக்கும். அக்கா ஒரு முழு அலுமாரியைத் திறந்து பார்த்தார். தடித்த கறுப்புப் புத்தகங்கள். எல்லாம் யிட்டிஷ், அதாவது கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய மொழி. எபிரேய எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதுவார்கள். ஒன்றின் கடைசி அட்டைக்குள்ளும் உறை இல்லை. "ஒருத்தரும் தொடாத சாமான்" என்று முடிவுகட்டி, முழுவதையும் பெட்டிகளில் அடைத்து வாசலுக்குத் தள்ளிவிட்டார்.

அடுத்த நாள் ஒரு முதியவர் வந்து அலுமாரிக்கு முன்னால் நின்று, "என் ஊர் எங்கே?" என்று கேட்டார். அக்காவுக்கு விளங்கவில்லை. பெட்டிகளைக் காட்டினார். அவர் குனிந்து தேடி ஒன்றை எடுத்தார், மற்றப் பக்கமாகத் திருப்பினார், அக்கா முன்னட்டை என்று நினைத்திருந்ததைத் திறந்தார். அங்கே உறை. அதற்குள் காட். அதில் மேலிருந்து கீழ்வரை அவருடைய பெயர் மட்டும், வருடத்துக்கு ஒரு தரம், ஒரே மாதம். வலமிருந்து போகிற புத்தகத்துக்கு இடப்பக்கம்தானே முன்னட்டை! இல்லை, வலப்பக்கம். பார்த்தீர்களா, எனக்கு இப்போதும் குழம்புகிறது.

அந்தப் புத்தகங்கள் என்னவென்று மிரியம் அம்மையார் சொன்னார். இரண்டாம் உலக யுத்தத்தில் அழிந்த ஒவ்வொரு யூத ஊருக்கும், தப்பியவர்கள் சேர்ந்து ஒரு புத்தகம் போட்டிருக்கிறார்கள். ஊரின் கதை, சந்தை, பள்ளிக்கூடம், பந்து விளையாடிய பெடியன்களின் படம், கடைசியில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல். சொந்தபந்தங்களுக்குக் கொடுப்பதற்காகக் கொஞ்சப் பிரதிகள்தான் அச்சடித்தார்களாம். அன்று பின்னேரம் எனக்கு ரெலிபோன் எடுத்து அக்கா சொன்னது இது: "டேய் தம்பி, உது எங்கட நினைவு மலர்தான்டா. ஒரு ஆளுக்கில்ல, ஒரு ஊருக்கு. நான் அதைப் பெட்டிக்க போட்டுட்டன்." சொல்லிவிட்டு அழுதார். அக்கா அழுது நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

பெட்டிகள் திரும்பி அலுமாரிக்குப் போயின. அக்கா எபிரேய எழுத்துப் படித்தார். அர்த்தம் தெரியாமலே ஊர்ப் பெயர்களை எழுத்துக் கூட்டி, அட்டவணையில் ஏற்றினார். கிழிந்த முதுகுகளை மெல்லிய தாள் வைத்து ஒட்டினார். யாராவது வயதானவர் இறந்தால், வீட்டைக் காலி செய்யும் பிள்ளைகளைப் பிடித்து, "கறுப்புப் புத்தகம் ஏதும் இருக்குதா?" என்று கேட்டு வாங்கி வருவார். இப்படிச் சேர்த்து ஓர் அலுமாரி மூன்று அலுமாரியாயிற்று. சிறுவர் கதைகளும் பண்டிகைச் சமையல் புத்தகங்களும் தாமாகவே ஓடின. அக்காவின் கவலையெல்லாம் இந்த மூன்று அலுமாரிகளில்தான்.

கவலைக்குக் காரணமும் வந்தது. "என் ஊர் எங்கே?" என்று கேட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். புதிய நிர்வாகக் குழு, மூன்று வருடம் யாரும் எடுக்காத எதுவும் அலுமாரியில் இருக்கக்கூடாது, அந்த இடத்துக்குக் கணினி மேசை வேண்டும் என்று விதி போட்டது. நான் ஆறுதல் சொல்வதாக நினைத்து, "விடுங்கோ அக்கா, எல்லாம் இப்ப இன்ரநெற்றில இருக்கும்" என்றேன். "நீ செத்தா உன்ர மலரையும் இன்ரநெற்றில போட்டுட்டு வீட்டில இருக்கிறதைக் குப்பையில போடட்டா?" என்றார். 

அதற்குப் பிறகு அக்கா செய்த திருவிளையாடல்தான் உங்களில் பலருக்குத் தெரியும். முதலில் தன் பெயரில் ஆறு புத்தகம் எடுத்தார். ஒரு மெம்பர் காட்டுக்கு ஆறுதான். பிறகு என்னிடம் ஒரு படிவத்தை நீட்டினார்.

"சும்மா ஒரு கையெழுத்து வை."

"என்னத்துக்கு?"

"நீ இனி யூத லைப்ரரி மெம்பர்."

"எனக்குத் தமிழ்ப் பேப்பர் வாசிக்கவே நேரமில்ல, அக்கா!"

"வாசிக்கச் சொன்னனா? மூண்டு கிழமை வீட்ட வச்சிரு. மறுகா திருப்பித் தா."

அத்தான், அக்காவின் மகளான என் மருமகள், மச்சான்மார், கோயில் சபையார், என்னோடு பஸ் ஓட்டுகிறவர்கள், ஒருவரும் தப்பவில்லை. ஸ்காபரோவில் வெக்ஸ்போர்ட்டிலிருந்து மோர்னிங்சைட் வரை நம்மவர் வீடுகளில் போலந்து ஊர்கள் குடியிருந்தன. ஏற்றி இறக்கியது நான். என் கார் டிக்கியில் ஸ்பெயர் டயரை விட யிட்டிஷ்தான் கூட. ஒரு வீட்டில் அந்தப் புத்தகம் தொலைக்காட்சிக்கு முட்டுக் கொடுத்து நின்றதை என் கண்ணால் கண்டேன். பெயர் சொல்லமாட்டேன். இதை வாசிக்கும்போது அவருக்கே தெரியும். இங்கே பிறந்த என் மருமகள்தான் பாவம், "மாமா, யுவர் புக்ஸ் ஆர் ஓவர்டியூ!" என்று தாய் சொன்னபடி கிழமைக்கு ஒரு தரம் எனக்கு மெசேஜ் போடுவாள்.

அக்காவுக்கு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்து வேலைக்குப் போக முடியாமற் போனபோது, குழு கணக்கெடுப்பு வைத்தது. மிரியம் அம்மையார் அலுமாரியைப் பார்த்தால் பாதி வெறுமை. கணினியைப் பார்த்தால் எல்லாம் ஸ்காபரோவில். எடுத்தவர்களின் பெயரெல்லாம் முக்கால் முழ நீளம். "பார்க்க வரலாமா?" என்று ரெலிபோன் வந்தது. அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. "இத்தனை வருசம் என்னை நம்பின மனுசி. நான் ஏமாத்திப்போட்டன் எண்டு நினைக்கப்போகுது. அலுமாரியும் போச்சு, என்ர பேரும் போச்சு" என்று அன்று முழுவதும் சாப்பிடவில்லை. நோயைவிட அதுதான் அவரை உருக்கியது.

மிரியம் அம்மையார் அச்சடித்த பட்டியலோடு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நான். கஞ்சி கொண்டு வந்திருந்த, மோர்னிங்சைட்டில் இருக்கிற எங்கள் மாமியும் அங்கேதான்.

"இவர்கள் எல்லோரும் யிட்டிஷ் வாசிப்பார்களா?" என்று அம்மையார் ஆங்கிலத்தில் கேட்டார்.

அக்கா பொய் சொல்லவில்லை. "இல்லை. ஒருவரும் இல்லை. எல்லாம் என் சொந்தக்காரர். புத்தகம் போய்விடக்கூடாது என்று நான்தான் எடுக்க வைத்தேன்" என்றார்.

அம்மையார் பட்டியலில் விரல் வைத்து, "இந்தப் பெயருக்குரியவர் ஒரே புத்தகத்தைப் பதினான்கு தரம் எடுத்திருக்கிறார். அவருமா வாசிக்கவில்லை?" என்றார். பார்த்தால், மாமியின் பெயர்.

நான் மொழிபெயர்க்க, மாமி பதறிப்போனார். "ஐயோ, நான் பிழையா ஒண்டும் செய்யல்ல. அதுக்குள்ள குஞ்சு குருமன் எல்லாற்ற படமும் கிடக்கு. செத்த சனத்திட படத்தை விளக்கு வைக்காம எப்பிடி வீட்டில வச்சிருக்கிறது? வெள்ளிக்கிழமை பொழுதுபடேக்க எங்கட விளக்கோட அதுக்கும் ஒண்டு வைப்பன். மூண்டு கிழமை முடிஞ்சு குடுத்தாலும் மனசு கேக்காது, மறுகாவும் எடுப்பன். வைக்கக்கூடாதெண்டா நிப்பாட்டிறன், சொல்லுங்கோ."

நான் சொன்னேன். அம்மையார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மாமியைப் பார்த்து, "நாங்களும் வெள்ளிக்கிழமை பொழுதுபடும் நேரத்தில்தான் விளக்கேற்றுவோம்" என்றார். நான் மொழிபெயர்க்கும் முன்பே மாமிக்கு விளங்கிவிட்டது. எழும்பிப் போய் அம்மையாருக்கும் ஒரு கோப்பை கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். நண்டில்லாத கஞ்சிதான், பயப்பட வேண்டாம்.

அடுத்த கிழமை குழுவின் முடிவை அம்மையாரே வந்து சொன்னார். விதி அப்படியே இருக்கும். அலுமாரிகளும் அப்படியே இருக்கும். "எடுக்க வேண்டும் என்றுதான் விதியில் இருக்கிறது. வாசிக்க வேண்டும் என்று எங்கும் இல்லை, நான் இரண்டு தரம் பார்த்துவிட்டேன்" என்றார். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியென்றால் என் மேசைக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிற இரண்டு பெட்டி கறுப்புப் புத்தகத்தையும் வெளியே எடுக்கலாம்" என்றார். அம்மையார் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் கதவு தட்டினார்கள். அதற்குப் பிறகு அக்கா நன்றாகச் சாப்பிட்டார். சிரித்த முகத்தோடுதான் எங்களை விட்டுப் போனார்.

கடைசி மாதங்களில் கண்ணும் கருத்துமாகப் பார்த்த அத்தானுக்கும் மருமகளுக்கும், வீட்டுக்கு வந்த தாதியருக்கும், வேளை தவறாமல் சமைத்து வந்த உறவுகளுக்கும், மட்டக்களப்பிலிருந்து ஒவ்வொரு நாளும் கதைத்த அண்ணன்மாருக்கும் சின்னக்காவுக்கும், மண்டபம் நிறைய வந்து வழியனுப்பிய அனைவருக்கும், வடக்கேயிருந்து வந்து எங்களோடு வெறுந்தரையில் இருந்த மிரியம் அம்மையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் கோபிக்க வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். அக்கா போன பிறகு, விரட்டி எடுக்க வைக்க ஆளில்லாமல், மாமியைத் தவிர மற்றவர்கள் விட்டுவிட, ஒரு வருடமாக நான் ஒருவனே ஓடித்திரிகிறேன். ஒரு மெம்பர் காட்டுக்கு இப்போதும் ஆறுதான். மூன்று அலுமாரிக்கு அது காணாது, விதியோ இன்னும் இருக்கிறது. ஆகவே இன்று திவசச் சாப்பாடு முடிந்து நீங்கள் போகும்போது, மண்டப வாசலில் ஒரு மேசை இருக்கும். மிரியம் அம்மையார் கணினியோடு அங்கே இருப்பார். மேசையில் கறுப்புப் புத்தகங்கள் இருக்கும். இந்த மலரை ஒரு கையில் எடுத்தவர்கள் மற்றக் கையில் ஓர் ஊரையும் எடுத்துக்கொண்டு போங்கள். பாரம்தான், ஆனால் மூன்று கிழமைக்குத்தானே.

விளக்கு வைப்பது உங்கள் விருப்பம்.